கடல்மீன் தொட்டிக்கு அந்த ஃபில்டர் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த வீட்டு மீன்தொட்டிக் கட்டுரையைப் படித்தேன். நல்ல தண்ணீர் மீன்களைப் பற்றி எழுதியதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கடைசியில், கடல்மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் இதே ஃபில்டரைப் போட்டுத் தண்ணீரில் உப்பு கலந்துகொண்டால் போதும் என்று ஒரு வரி வருகிறதே, அதை நம்பி யாராவது வண்ண மீன் கடைகள் நிறைந்த சென்னைக் கொளத்தூர் வரை போய் க்ளவுன் மீன் வாங்கிவந்தால் பாவம் அந்த மீன்.

மீன் கழிவும் மிச்சத் தீனியும் அழுகினால் அம்மோனியா வரும், அது எந்தத் தொட்டியிலும் வரும். கடல்நீரின் பிஎச், அதாவது காரத்தன்மையைக் காட்டும் எண், 8.2 பக்கம் இருப்பதால் அதே அம்மோனியா அங்கே இன்னும் கொடிய விஷமாகிறது. உப்புத் தண்ணீரில் ஆக்சிஜன் கரைவதும் குறைவு, தண்ணீர் சூடானால் அதிலும் குறைவு, வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். அதனால் கழிவு அழுகுவதற்கு முன்பே அதை வெளியே எடுத்துவிடுகிற ஏற்பாடு வேண்டும். அதுதான் புரோட்டீன் ஸ்கிம்மர்.

பருப்பு வேகும்போது மேலே தள்ளுகிற நுரையைக் கரண்டியால் எடுத்துப் போடுகிறோமே, அதே வேலைதான். பம்ப் காற்றைப் பொடிப்பொடிக் குமிழியாக அடித்துவிடும், கரைந்திருக்கிற கழிவு குமிழியில் ஒட்டிக்கொண்டு மேலேறி மூடியடியில் இருக்கும் கப்பில் போய்ச் சேரும். உப்புத் தண்ணீரில்தான் குமிழி இவ்வளவு சிறிதாக நிற்கும், அதனால் கோல்டு ஃபிஷ் தொட்டியில் இதை மாட்டிப் பயன் இல்லை. கப்பைக் கழற்றிப் பாருங்கள், கறுத்த டிகாக்ஷன் மாதிரி தண்ணீர், விளிம்பைச் சுற்றி வழுவழுவென்று பழுப்புப் பிசின், கிட்டே மூக்கைக் கொண்டுபோக முடியாது. கழுவி வைக்க அலுத்துக்கொள்ளாதீர்கள், ஸ்கிம்மர் இல்லாவிட்டால் அத்தனையும் மீன் குடிக்கிற தண்ணீரில் இருந்திருக்கும்.

கடைகளில் முதலில் எடுத்துக் காட்டுவது கேனிஸ்டர், அதாவது மூடிய டப்பா மாதிரியான ஃபில்டர். பார்க்க அழகு, சத்தம் இல்லை, தொட்டிக்கடியில் அடங்கிவிடும். ஆனால் அதை மட்டுமே நம்பாதீர்கள் என்பேன், காரணம் நம் ஊர் கரண்ட். மாதப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் சாயங்காலம்தான் வருகிறது. மூடிய டப்பாவுக்குள் தண்ணீர் ஓடாமல் நின்றால் உள்ளே இருக்கிற, அம்மோனியாவை மாற்றி விஷத்தைக் குறைக்கிற நல்ல பாக்டீரியா மூச்சு இல்லாமல் செத்துப்போகும், கரண்ட் வந்ததும் அந்தக் கெட்ட தண்ணீர் முழுவதும் தொட்டிக்குள் பாயும். காட்பாடியில் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் வீட்டில் இப்படித்தான் ஆனது, விடிவதற்குள் ஒரு மீன்கூட மிஞ்சவில்லை. கரண்ட் இருந்தாலும் அதன் பஞ்சை வாராவாரம் அலசாவிட்டால் அழுக்கு அங்கேயே தங்கி, அம்மோனியா மாறி மாறிக் கடைசியில் ஆகிற நைட்ரேட் ஏறிக்கொண்டே போகும்.

என் யோசனை இது. தொட்டிக்குக் கீழே திறந்த சம்ப், அதாவது தண்ணீர் இறங்கிச் சுற்றிவரும் துணைத் தொட்டி ஒன்று, அதில் ஸ்கிம்மர், பக்கத்தில் பாக்டீரியா குடியிருக்க செராமிக் வளையங்கள் தாராளமாக. கரண்ட் போனால் வழிந்து இறங்குகிற தண்ணீரைத் தாங்க சம்பில் இடம் விட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் ஹாலில் உப்புத் தண்ணீர்தான். பேட்டரியில் ஓடுகிற ஏர் பம்ப் ஒன்றும் கட்டாயம். எல்லாம் மாட்டிய பிறகும் பாக்டீரியா பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், அதுவரை மீன் விடக்கூடாது. டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, அது மாறி வரும் இன்னொரு விஷமான நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டினால் ஒன்றிரண்டாக விடலாம். அப்புறமும் பத்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு பகுதித் தண்ணீரை மாற்றியே ஆக வேண்டும்.

லைவ் ராக், அதாவது பாக்டீரியா குடியிருக்கும் கடல் பவளக் கல் போட்டால் ஃபில்டரே வேண்டாம் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்கிறார்கள். அங்கே அது நடக்கலாம். இங்கே மன்னார் வளைகுடாவில் இருந்து பெயர்த்தெடுத்த பவளக் கல்லை யாராவது ரகசியமாக விற்க வந்தால் வாங்காதீர்கள், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பவளப்பாறை பாதுகாக்கப்பட்டது. செராமிக்கும் செயற்கைக் கல்லும் அந்த வேலையைச் செய்யும்.

தண்ணீரையும் சொல்லிவிடுகிறேன். போர் தண்ணீர் ஏற்கெனவே உப்புக் கரிக்கிறது, கொஞ்சம் கல்லுப்பு போட்டால் சரியாகிவிடும் என்கிறவர்கள் இங்கே நிறையப் பேர். தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது பற்றி 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொன்ன மாவட்டம் இது. போர் தண்ணீரில் என்னென்ன இருக்கிறதோ, அதைச் சரிசெய்ய எந்த ஃபில்டராலும் முடியாது. ஆர்ஓ தண்ணீரில் கடல்மீன் தொட்டிக்கென்றே விற்கும் மரைன் சால்ட், லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் போட வேண்டும். கல்லுப்பில் கடலின் கால்சியமும் மக்னீசியமும் தேவையான அளவுக்கு இருக்காது. வெயிலில் தண்ணீர் வற்றினால் உப்பு உள்ளேயே நிற்கும், ஆகவே வெறும் ஆர்ஓ தண்ணீரைத்தான் ஊற்றி நிரப்ப வேண்டும்.

அந்த ஒரு வரிக்குத் திருத்தம் வெளியிட்டால் நல்லது. முடிந்தால் கோடை விடுமுறைக்கு முன்பே வெளியிடுங்கள், பிள்ளைகள் கேட்டார்கள் என்று பலரும் தொட்டி வாங்குவது அப்போதுதான்.

இப்படிக்கு,
கடல்மீன் வளர்க்கும் வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.