அடங்காத எலிசபெத்

ஆசிரியர் அவர்களுக்கு,

விடுதிப் பள்ளிக் கதைகள் குழந்தைகளை அடக்கி வைக்கவே எழுதப்பட்டவை என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை சொல்கிறது. ஆங்கிலக் குழந்தை எழுத்தாளர் எனிட் பிளைட்டன் 1940-ல் எழுதிய, பள்ளியிலேயே மகா குறும்புக்காரியான எலிசபெத்தின் கதையைப் (The Naughtiest Girl in the School) படித்தவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் அவள் அத்தனை அட்டகாசமும் செய்கிறாள். அந்தப் பள்ளியில் தண்டனையையும் கைச்செலவுக் காசையும் முடிவு செய்வது பிள்ளைகளே கூடும் கூட்டம். இருக்கவே பிடிக்காவிட்டால் பருவத்தின் பாதியில் போய்விடலாம் என்று அந்தக் கூட்டமே அவளுக்கு வாக்குக் கொடுக்கிறது. எத்தனை பெரிய மனசு!

அப்புறம் ஜோனின் பிறந்தநாள். அம்மாவிடமிருந்து ஒரு வாழ்த்துகூட வராமல் ஏங்கும் தோழிக்கு, பிள்ளைகள் எல்லோரும் தங்கள் காசைப் போட வேண்டிய பொதுப்பெட்டியில் போடாமல் ஒளித்துவைத்த பணத்தில் எலிசபெத் கேக் வாங்கி, அம்மா அனுப்பியதாக நம்பவைக்கிறாள். உண்மை தெரிந்ததும் ஜோன் உடைந்துபோய் நோயில் விழுகிறாள். எலிசபெத் ஜோனின் அம்மாவுக்கே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு கடிதம் எழுதுகிறாள். அவளைத் திருத்தியது பிரம்பல்ல, இன்னொருத்தியின் கண்ணீர். இதைப் போய் அடக்குமுறை என்று எப்படிச் சொல்வது?

கடைசியில் அவள் பள்ளியிலேயே தங்குவது கொஞ்சம் சுலபமாக நடந்துவிடுகிறது, சரி. ஆனாலும் பத்து வயதுப் பிள்ளைகள் கையில் இந்தப் புத்தகத்தைத் தயங்காமல் கொடுக்கலாம். கட்டுரையாளர் இதையும் ஒருமுறை படித்துவிட்டு எழுத வேண்டும்.

அன்புடன்,
ஒரு வாசகி, திருச்சி