கட்டைவிரல் காட்டினால் சம்மதமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சம்பளம், போனஸ், பி.எஃப். பற்றியெல்லாம் நிறைய எழுதுகிறீர்கள், வேலை நேரம் பற்றி மட்டும் ஒன்றையும் காணோம். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் காலை 9 முதல் மாலை 5.30 என்று தெளிவாக இருந்தது. போன வருடம் ஒரு ஞாயிறு இரவு வாட்ஸ்அப் குழுவில் ஒரே வரி: நாளை முதல் மதியம் 1 முதல் இரவு 9.30. வரிசையாக எல்லோரும் கட்டைவிரல் படம் போட்டார்கள், நானும் போட்டேன், பார்த்துவிட்டேன் என்று சொல்லத்தான். மூன்று மாதம் கழித்து, மாலை 6 மணிக்குக் காப்பகத்திலிருந்து பிள்ளையைக் கூட்டிவர ஆளில்லை, பழைய நேரத்தையே கொடுங்கள் என்று போய் நின்றபோது, மனிதவள அதிகாரி போனைத் திருப்பி அந்தக் கட்டைவிரலைக் காட்டினார். "நீங்கதான் அன்னிக்கே ஒத்துக்கிட்டீங்களே."

ஒப்பந்தம் இருவர் சேர்ந்து போட்டது, ஒருவர் மட்டும் மாற்றுவது எப்படிச் சரியாகும்? வேலை நேரம் ஒன்றும் சின்ன விஷயமில்லை: தொழிற்சாலை வேலைக்கு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1919-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்ததுதான் அதன் முதல் உடன்படிக்கையே. ஐரோப்பிய ஒன்றியத்தில், இப்படி ஒரு மாற்றம் வந்தால் அது நடைமுறைக்கு வரும் நாளுக்குள் எழுத்தில் தந்தாக வேண்டும் என்று 2019-ல் விதி போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு ஒரு வரி மெசேஜ்.

அப்புறம்தான் ஒரு தொழிற்சங்க வழக்கறிஞரைப் பார்த்தேன். ஒப்பந்தத்தில் 'தேவைக்கேற்ப நேரம் மாற்றப்படலாம்' என்று எங்காவது இருக்கிறதா என்றுதான் முதலில் தேடினார், இருந்தால் நம் பக்கம் பலம் குறையுமாம், ஆனால் அப்போதும் சட்டம் சொல்லும் உச்ச நேரத்தை அவர்கள் தாண்ட முடியாது. வேலைக்குப் போகாமல் நின்றுவிடக் கூடாது, அதையே ஒழுங்கீனம் என்று எழுதிவிடுவார்கள் என்றார். வாயைத் திறக்காமல் புது நேரத்துக்கு மாதக்கணக்கில் போய்வந்தாலும் ஆபத்துதான், சம்மதித்துவிட்டதாக எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போட்டிருக்க வேண்டுமாம்: "இந்த மாற்றத்துக்கு நான் சம்மதிக்கவில்லை, எதிர்ப்பைத் தெரிவித்துவிட்டே வேலைக்கு வருகிறேன்." அதன் நகல் சொந்த மெயிலில் இருக்க வேண்டும், ஏனென்றால் வேலை போகிற அன்று அலுவலக மெயில் திறக்காது.

இந்த இரண்டு வரி தெரியாமல்தான் மூன்று மாதம் போனது. தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒருவரை வைத்து வாரம் ஒரு கேள்வி பதில் போடுங்கள். அப்படியே ஒரு மாதிரிக் கடிதமும் அச்சிட்டால் வெட்டியெடுத்து வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி