செயலாளர் ஆண்டறிக்கை 2025–26: மாலை நேரக் கணினி வகுப்பு

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நூலகமும் விளையாட்டு விழாவும் வழக்கம்போல் நடந்தன. அவற்றின் கணக்கு பொருளாளர் அறிக்கையில் உள்ளது. இந்த அறிக்கை நன்கொடைக் கணினிகளைப் பற்றியது.

வந்தவை 14 மேசைக் கணினிகள், எல்லாம் அலுவலகங்கள் கழித்துவிட்டவை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். விண்டோஸ் இல்லாதது நமக்கு ஒரு குறையில்லை. பழைய கோப்புகளைத் தடமின்றி அழித்துவிட்டு லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலவச, இலகுவான இயங்குதளத்தை நிறுவினோம். 4 ஜிபி ராமில் (தற்காலிக நினைவகத்தில்) ஓடும், ஆனால் உலாவியில் நாலைந்து பக்கம் திறந்தால் திணறும். அதனால் பழுதான பெட்டிகளின் ராமைக் கழற்றி மற்றவற்றில் சேர்த்தோம். சுழலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு சுழலும் பாகமில்லாத, வேகமான 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டதே இந்த ஆண்டின் உருப்படியான செலவு.

10 ஓடுகின்றன. மற்ற நான்கில் மதர்போர்டு (தாய்ப்பலகை) கப்பாசிட்டர்கள் (மின்தேக்கிகள்) உப்பிவிட்டன; அவை உதிரிக்கு மட்டும். பீப் என்று கத்தித் திரை வராவிட்டால் முதலில் ராமைச் சந்தேகியுங்கள்: கழற்றி, பொன்னிற விளிம்பை ரப்பரால் தேய்த்து, துகளைத் துடைத்து, இருபுறக் கொக்கியும் பூட்டும்வரை அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் தேதி மாறி எஃப்1 அழுத்தச் சொன்னால் மதர்போர்டில் உள்ள காசு வடிவ சிஆர் 2032 பேட்டரி தீர்ந்துவிட்டது.

பெட்டியைத் தொட்டால் சுர்ரென்கிறது என்று பெற்றோர் சிலர் சொன்னார்கள். எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) உள்ளே மின்னிரைச்சலை வடிகட்டும் கப்பாசிட்டர்கள் வழியாகச் சிறு கசிவு எப்போதும் பெட்டிக்கு வரும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குள் போய்விடும். நம் கூடத்தில் மூன்று துளை பிளக் பாயிண்ட் இருந்தது, பின்னால் எர்த் கம்பிதான் இல்லை. வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நிற்கும் பிள்ளைக்கு அந்தக் கசிவே உறைக்கும். எஸ்எம்பிஎஸ் பழுதானால் உயிருக்கே ஆபத்து. எர்த் குழி போட்டு, மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி பொருத்தும்வரை வகுப்பை நிறுத்தினோம். சில உறுப்பினர்களுக்கு வருத்தம்தான். இரண்டு முள் எக்ஸ்டென்ஷன் போர்டு இனிக் கூடத்துக்குள் கூடாது.

ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை மவுஸ் கைமாறாவிட்டால் ஒருவர் கடைசிவரை வேடிக்கைதான் பார்ப்பார். சின்னவர்களுக்கு டக்ஸ் பெயிண்ட் என்ற ஓவிய மென்பொருள். ஆறாம் வகுப்புக்கு மேல், கட்டங்களை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச். தட்டச்சு தமிழ்99 விசைப்பலகை முறையில்: உயிர் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று தட்டினால் போதும், புள்ளி தானே விழும். விசைகளில் ஒட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் உரித்துவிடுவதால் சுவரில் விசைப்பலகைப் படம் மாட்டியிருக்கிறோம். படத்தைப் பார்த்துப் பழகியவர்கள்தான் விரைவாக அடிக்கிறார்கள்.

வரும் ஆண்டுக்குப் பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டுபவை: ஒரே மாடலாக ஐந்துக்குக் குறையாமல் வந்தால் மட்டுமே நன்கொடை ஏற்பது (உதிரி மாற்ற அதுதான் வழி), பேட்டரி உப்பிய மடிக்கணினிகளை வாசலிலேயே மறுப்பது, கழிவை காயலான் கடைக்குப் போடாமல், பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ரசீது பெற்று ஒப்படைப்பது.

இவண்,
செயலாளர்