கிட்டாருக்கு நெயில் பாலிஷ் ரிமூவரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலத்தில் குகை என்ற பகுதியில் முப்பத்தெட்டு வருஷமாக மரச்சாமான்களுக்கு பாலிஷ் போடுகிறவன் நான். பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழின் வீட்டுக் குறிப்புகள் பக்கத்தில், கிட்டார் பளபளக்க ஒரு யோசனை வந்திருந்தது. ஃபர்னிச்சர் ஸ்பிரே அடித்துத் துடைக்க வேண்டுமாம். ஸ்டிக்கர் பசை போகாவிட்டால் நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டுத் தேய்க்க வேண்டுமாம். மறுநாள் காலையில் எதிர்வீட்டுப் பையன் ஒரு கையில் கிட்டாரும் இன்னொரு கையில் அவன் அக்காவின் ரிமூவர் பாட்டிலுமாக வந்து, "மாமா, பஞ்சு இருக்கா?" என்று நின்றான். பாட்டிலைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். மற்ற வீடுகளில் பிடுங்க ஆள் இருந்திருக்குமா என்று தெரியாததால் எழுதுகிறேன்.

நகத்துக்குப் பூசும் சாயமும் பழைய நல்ல கிட்டார்கள்மேல் இருக்கும் லாக்கர் என்ற பளபளப்புப் பூச்சும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இரண்டுக்கும் அடிப்படைச் சரக்கு நைட்ரோசெல்லுலோஸ். பஞ்சை அமிலத்தில் போட்டுப் பக்குவப்படுத்தி எடுப்பது. ரிமூவரில் உள்ள அசிட்டோன் நகத்தில் செய்கிற வேலையைத்தான் கிட்டாரிலும் செய்யும். எங்கள் தொழிலில் "டூக்கோ அடிக்கிறது" என்போம். அந்த டூக்கோ என்பதே 1920களில் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி கார்களுக்கென்று கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரின் பெயர். சீக்கிரம் காய்கிறது என்று கார்க்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள், கிட்டார் செய்கிறவர்களும் பிடித்துக்கொண்டார்கள். கிப்சன் கம்பெனி இன்றைக்கும் அதை விடவில்லை.

எல்லாக் கிட்டாரும் அப்படி இல்லை. இப்போது கடையில் ஐந்தாறு ஆயிரத்துக்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலும் பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர் பூச்சு. கல்மாதிரி இருக்கும், ரிமூவர் சட்டென்று கடிக்காது. குறிப்பு எழுதியவர் அப்படி ஒன்றில் செய்து பார்த்துத் தப்பித்திருப்பார். நைலான் தந்தி போட்ட சில கிளாசிக்கல் கிட்டார்களில் நம் அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் போட்ட பிரெஞ்ச் பாலிஷ் இருக்கும். அதற்கு அசிட்டோன்கூட வேண்டாம், கொரோனா காலத்தில் எல்லோர் பையிலும் இருந்த சானிடைசர் ஈரக்கையே போதும், விரல் ரேகை பதிந்துவிடும். என்ன பூச்சு என்று தெரியாவிட்டால், தோளில் போடும் பட்டையை மாட்டுகிற குமிழைக் கழற்றி அதன் அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில், காது குடையும் பஞ்சுக்குச்சியால் ஒரு புள்ளி ஸ்பிரிட் வைத்துப் பார்க்கலாம். இளகினால் அரக்கு. இளகாவிட்டால், லாக்கரைக் கரைக்கிற தின்னர் ஒரு புள்ளி. அதற்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பாலி வகை.

இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒன்றைக் கெடுத்துத்தான்.

1998 மார்கழியில் ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவுக்குச் சாப்பாட்டு மேஜை பாலிஷ் போடப் போயிருந்தேன். அந்த வீட்டுப் பெரியவர் உள்ளேயிருந்து ஒரு பழைய கிட்டாரைக் கொண்டுவந்து, "தம்பி, இதையும் கொஞ்சம் பாரு" என்றார். அவருடைய அப்பா கப்பலில் கொண்டுவந்ததாம். தோளில் போடும் ரெக்சின் பட்டையை அதன்மேல் சுற்றியே பெட்டிக்குள் பல வருஷம் வைத்திருக்கிறார்கள். பட்டை பட்ட இடமெல்லாம் லாக்கர் இளகிப் பிசுபிசுத்து, ரெக்சினின் வரிகள் அப்படியே அச்சாக விழுந்திருந்தன. ரெக்சின், ரப்பர் இதையெல்லாம் வளைந்து கொடுக்க வைக்கும் எண்ணெய்ப்பசை லாக்கருக்குள் இறங்குவதால் வருகிற கோளாறு அது. இன்றைக்கும் ரப்பர் வைத்த ஸ்டாண்டில் மாதக்கணக்காக நிறுத்துகிறவர்களுக்குக் கழுத்தில் கறுப்பு வளையம் விழுகிறது.

எனக்கு அன்றைக்கு அது அழுக்காகத் தெரிந்தது. தின்னரைத் துணியில் தொட்டு இரண்டு இழுப்பு இழுத்தேன். துணியில் தேன் நிறமாக வந்தது. நன்றாக விடுகிறதே என்று மூன்றாவதும் இழுத்தேன். துணி நழுவாமல் மரத்தில் மாட்டியது. குனிந்து பார்த்தால் பழைய ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு வெளேரென்று மரம். அதன் ஓரம் சுற்றிலும் வெல்லப்பாகு ஆறினாற்போல் சுருங்கி நின்றது. பெரியவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு பார்த்தார். திட்டவில்லை. "மேஜையை முடிச்சிட்டு, சாப்பிட்டுட்டுப் போப்பா" என்றார். அந்தச் சோறு எனக்கு இறங்கவில்லை.

நானே சரிசெய்து தருகிறேன் என்று கெஞ்சி வாங்கி, கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் இறங்கினேன். ஏற்காட்டிலேயே வைத்துச் செய்ய வழியில்லை. பனிமூட்டத்தில் லாக்கர் பூசினால், தின்னர் ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்து காற்றிலுள்ள ஈரம் படியும், பூச்சு பால் தெளித்தமாதிரி வெளுத்துவிடும். மாசி வெயில் வரும்வரை காத்திருந்தேன். பல்குத்தும் குச்சி நுனியில் ஒரே ஒரு சொட்டு லாக்கர், ஒரு நாள் காயவிட்டு அடுத்த சொட்டு, இப்படிப் பன்னிரண்டு நாள். லாக்கரின் பெரிய குணம் இதுதான்: புதுச் சொட்டு பழைய பூச்சின் ஓரத்தைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். பாலி வகையில் அப்படிக் கலக்காது, ஒட்டுப்போட்ட கோடு தெரியும். மேடு தட்டியதும் ஒன்றரை மாதம் தொடாமல் தொங்கவிட்டு, பிறகு 1000, 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்துச் சமன் செய்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் இன்றும் அந்த வட்டம் தெரியும்.

லாக்கர் போட்ட கிட்டாரைத் துடைக்க இப்போது நான் எடுப்பது பத்துத் தடவை துவைத்த பருத்தி வேட்டித் துண்டு. நெசவு ஊரில் அதற்கா பஞ்சம்? கரையை மட்டும் கிழித்துப் போட்டுவிட வேண்டும், சரிகை கீறும். முதலில் தூசியைத் தட்டிவிட்டு, வாயால் 'ஹா' என்று ஊதித் துடைத்தால் பாதி அழுக்கு போய்விடும். மீதிக்குத் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து ஒரு தடவை, உடனே உலர்ந்த துணியால் ஒரு தடவை. ஸ்டிக்கர் பசைக்கு, சிகரெட் லைட்டருக்கு ஊற்றுகிற நாஃப்தா துளியளவு, ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பங்கரை பக்கம் போகாமல். லாக்கரை அது கரைக்காது. வாசித்து முடித்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டால் வருஷத்துக்கு வேறு வைத்தியமே தேவைப்படாது. சாயங்காலம் கொசுவுக்குக் கையில் கிரீம் தடவுகிறவர்கள் முழங்கையைக் கழுவிவிட்டுக் கிட்டாரை எடுக்க வேண்டும். 'டீட்' மருந்து கலந்த கிரீம் பிளாஸ்டிக்கையே தின்னும், லாக்கர் எம்மாத்திரம்?

விரல் பலகை, அதாவது தந்தியை விரலால் அழுத்துகிற கழுத்துப் பலகை, வேறு கதை. ஈட்டி மரமாக இருந்தால் அதில் லாக்கரே கிடையாது. எண்ணெய் போடுகிறேன் என்று தேங்காய் எண்ணெயைத் தடவி, மூன்று மாதத்தில் சிக்கு வாடையோடு கொண்டுவருகிறவர்கள் உண்டு.

உங்கள் குறிப்பின் முதல் பாதியான ஸ்பிரேயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், என் வயிற்றெரிச்சல் அது. அந்த ஸ்பிரேக்களில் பலவற்றில் சிலிகான் கலந்திருக்கும். அன்றைக்குப் பளபளக்கும், யாருக்கும் குறை தெரியாது. பத்து வருஷம் கழித்து அதே கிட்டார் ரிப்பேருக்கு வரும்போது, நாங்கள் லாக்கர் அடித்தால் சிலிகான் இருக்கும் இடத்தில் பிடிக்காமல் குட்டிக் குட்டி வட்டமாக விலகி நிற்கும். வண்டிக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் அதை ஃபிஷ் ஐ என்பார்கள். வெடிப்பு வழியாக மரத்துக்குள் இறங்கிவிட்டால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஒரு வீணைக் குடத்தில் இதனோடு நான்கு நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன். மங்கலான மேட் பூச்சுக் கிட்டாரில் எந்தப் பாலிஷும் வேண்டாம், தேய்த்த இடம் மட்டும் திட்டுத்திட்டாக மின்னும்.

வருகிற ஞாயிறே அதே பக்கத்தில் திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே ரிமூவர் தொட்டுவிட்டவர்களுக்கும் இரண்டு வரி சேருங்கள்: இளகின இடத்தைத் துடைக்கக் கூடாது, விரலும் வைக்கக் கூடாது. துணி படாமல், மல்லாக்கப் படுக்க வைத்து, காற்றாட நாலைந்து நாள் விட்டால் இறுகிவிடும். அதற்கப்புறம் யாரிடமாவது காட்டிக்கொள்ளலாம்.

பாலிஷ் வேலை செய்பவன்,
குகை, சேலம்.