படத்துக்குக் கீழே இரண்டு வரி போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பக்கங்களில் பள்ளி ஆண்டு விழாப் படங்கள் வரிசையாக வரும் பருவம் இது. நடுவில் சிறப்பு விருந்தினர், இருபுறமும் கேடயம் பிடித்த பிள்ளைகள், கீழே 'சாதனை மாணவர்களுக்குப் பாராட்டு' என்று ஒரு வரி. என்ன சாதனை, எப்படிச் செய்தார்கள் என்பது பத்திரிகை படிப்பவருக்குத் தெரிவதில்லை. அது போகட்டும், விழா நடந்த பள்ளியின் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரிவதில்லை. மேடையில் ஓர் அக்கா எதற்காகப் பரிசு வாங்குகிறாள் என்று புரிந்தால்தானே அடுத்த வருடம் இவளும் விண்ணப்பிப்பாள்? அரசுப் பள்ளிப் பாராட்டு விழாக்களில் இந்த ஒன்றுதான் விட்டுப்போகிறது.

எட்டாம் வகுப்பில் மத்திய அரசு உதவித்தொகைக்காக எழுதும் என்.எம்.எம்.எஸ். தேர்வையே எடுத்துக்கொள்வோம். வென்றவருக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு ஆண்டில் 48,000. தமிழகத்துக்கான ஒதுக்கீடு 6,695 பேர். பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் 55 சதவீதம், பட்டியலினத்தவர், பழங்குடியினர் என்றால் 50 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். மனத்திறனில் 90 கேள்வி, பாடத்தில் 90 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். பாடக் கேள்விகளை நம் பிள்ளைகள் சமாளித்துவிடுவார்கள். எண் தொடர், உருவ ஒப்புமை, கடிகாரக் கணக்கு வரும் மனத்திறன் தாளில்தான் நேரம் போய்விடும். வாரம் இரண்டு பாடவேளை, கையில் கடிகாரம் வைத்து 30 கேள்வி 30 நிமிடம் என்று பழக்கினால் அது சரியாகும். தேர்வுக்கு முந்தைய பத்து நாள் மட்டும் சிறப்பு வகுப்பு வைப்பது பலன் தராது.

தேர்வில் வென்ற பிறகும் பணம் வராமல் போகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. நடுநிலைப் பள்ளியில் எட்டு முடித்த பிள்ளை ஒன்பதுக்கு வேறு பள்ளிக்குப் போகிறது. தேசிய உதவித்தொகைத் தளத்தில் பதிவு செய்ய வேண்டியது அதற்குப் பிறகுதான். 'பிள்ளைதான் போய்விட்டதே' என்று பழைய பள்ளி சும்மா இருக்கிறது. 'நம் பள்ளியில் தேர்வு எழுதியதில்லையே' என்று புதிய பள்ளியும் சும்மா இருக்கிறது. கெடு முடிந்துவிடுகிறது. ஆதாரில் ஒரு தலைப்பெழுத்து, வங்கிக் கணக்கில் வேறொன்று என்றாலும் இதே கதைதான். தனியார் பள்ளிக்கு மாறினால் உதவித்தொகை நின்றுவிடும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் (பட்டியலின, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 55) வராவிட்டால் பதினொன்றில் தொடராது. ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். ஆகவே வென்ற பிள்ளையின் பெயரை மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும்போதே ஒரு தாளில் எழுதிப் புதிய பள்ளித் தலைமையாசிரியருக்கு அனுப்புவதும் பாராட்டில் சேர்த்திதான். கேடயத்தைவிட அந்தத் தாள் மேல்.

பதினொன்றாம் வகுப்பினருக்கான தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வையும் இப்படியே சொல்லலாம். 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டு. தேர்வானவர்களில் பாதிப் பேர் அரசுப் பள்ளியினர். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடம்தான் அடிப்படை என்பதால், பொதுத் தேர்வு முடிந்ததும் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடையில் போடாமல் வைத்திருக்கச் சொல்ல வேண்டும்.

பள்ளி மாணவர்களின் அறிவியல் யோசனைகளுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் விருது வேறு வகை. மாணவரின் சொந்த யோசனைக்கு மாதிரி செய்ய 10,000 ரூபாய் அவரது வங்கிக் கணக்குக்கே வரும். ஒரு பள்ளி ஐந்து யோசனை வரை அனுப்பலாம். பெரும்பாலும் நிராகரிக்கப்படுபவை சிரிஞ்சில் இயங்கும் பாரந்தூக்கி, மழைநீர்ச் சேகரிப்பு, தானாக எரியும் தெருவிளக்கு. யூடியூபில் இருப்பதை யோசனை என்று எழுதினால் தேர்வுக்குழு ஒதுக்கத்தான் செய்யும். வீட்டிலும் வயலிலும் கையில் தட்டுப்படும் சிக்கலிலிருந்து தொடங்க வேண்டும். மாம்பழம் பறிக்கும்போது காம்புப் பால் தோலில் வழிந்து கறுத்து விலை குறைவது போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் வீடுகளில் எல்லோரும் அறிந்தது. பட்டுப்புழுத் தட்டில் ஈரம் கூடி நோய் வருவது பென்னாகரம் பக்கத்துப் பிள்ளைக்குப் பழக்கம். சிக்கல் என்ன, இப்போது என்ன செய்கிறார்கள், என் வழியில் என்ன மாறும், எந்தப் பொருளில் செய்வேன் என்ற நான்கு கேள்விக்கும் பிள்ளையின் வாயிலிருந்தே பதில் வாங்கி எழுத வேண்டும். ஆசிரியரே எழுதிக் கொடுத்தால் மாவட்டக் கண்காட்சியில் நடுவர் கேட்கும் இரண்டாவது கேள்வியிலேயே அது வெளியாகிவிடும்.

பள்ளி மன்றங்களின் செயல்பாட்டுக்குத் தலைப்புத் தேடி அலைய வேண்டிய மாவட்டமும் இல்லை இது. நம் ஆழ்துளைக் கிணறுகளில் பலவற்றில், பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளூரைடு அதிகம். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தரம். மத்திய அரசின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்தில் ஊராட்சிகளுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டி கொடுத்து, ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சியும் தந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்தால் போதும். எட்டாம் வகுப்பு மன்றம் ஒரு பருவத்தில் 20 கிணறுகளைச் சோதித்துவிடலாம்.

குழாயை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் மூன்று முறை அலசிய பிளாஸ்டிக் பாட்டிலில் மாதிரி பிடிக்க வேண்டும்; கண்ணாடி பாட்டில் வேண்டாம். தெரு, நாள், கிணற்றின் ஆழம் மூன்றையும் அங்கேயே எழுதி ஒட்டிவிட வேண்டும், பள்ளிக்கு வந்தபின் என்றால் பாட்டில் மாறிப்போகும். பெட்டியில் சொன்ன அளவுக்குக் கரைசல் சேர்த்து, சொன்ன நேரம் காத்திருந்து, வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்து நிழலில் வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டும். ஃபுளூரைடு கூடக் கூடச் சிவப்பு வெளுத்து மஞ்சளாகும். குளோரின் கலந்த தொட்டித் தண்ணீரும் நிறத்தை வெளுக்கச் செய்யும் என்பதால் அதில் பொய்யாக அதிகம் காட்டும். கலங்கல் தண்ணீரிலும், காலாவதியான கரைசலிலும் முடிவை நம்ப முடியாது. ஒரே மாதிரியை இரண்டு பேர் ஒருவருக்கொருவர் சொல்லாமல் பார்த்து எழுதட்டும். எண்கள் ஒத்துவராவிட்டால் மறுபடி செய்யட்டும். 1.5-க்கு மேல் வந்த மாதிரியைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதி செய்த பிறகுதான் ஊரில் சொல்ல வேண்டும்.

ஆண்டு விழா அன்று இந்தத் தண்ணீர்ச் சோதனைக்கான மேசை பந்தலின் வாசலில் இருக்கட்டும். தன் தெருத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவரும் தாய்க்கு, 'காய்ச்சினால் ஃபுளூரைடு போகாது, தண்ணீர் வற்றினால் இன்னும் செறிவுதான் கூடும். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரைப் பிடியுங்கள்' என்று பதின்மூன்று வயதுப் பெண் சொல்வதைவிடப் பெரிய பாராட்டு நிகழ்ச்சி என்ன இருக்கிறது?

தொன்மைப் பாதுகாப்பு மன்றம் உள்ள பள்ளிகளுக்கு நடுகற்கள் இருக்கின்றன. காலை, மாலைச் சாய்ந்த வெயிலில் படமெடுத்தால் எழுத்து தெரியும். சுண்ணாம்பு, எண்ணெய் தடவிப் படிக்க முயலக் கூடாது, கல் கெட்டுவிடும். உயரம், அகலம், பார்க்கும் திசை, யார் நிலத்தில் நிற்கிறது என்று குறித்தாலே நல்ல ஆவணம். பர்கூர் பக்கத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவிக்கப்பட்டதை நம் இரு மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் சொல்வார்கள்?

2022-23 முதல் நடக்கும் கலைத் திருவிழா நல்ல ஏற்பாடு. ஆனால் பல பள்ளிகளில் அதே ஐந்தாறு பிள்ளைகள்தான் எல்லாப் போட்டிக்கும் போகிறார்கள். ஆடை வாடகை, வேன் செலவு பெற்றோர் தலையில் விழும்போது ஏழைப் பிள்ளை தானே ஒதுங்கிக்கொள்கிறது. பாரதக் கூத்து இன்றும் நடக்கும் ஊர்கள் நம்முடையவை. உள்ளூர்க் கூத்து வாத்தியார் ஒருவர் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் வந்து அடவும் பாட்டும் சொல்லிக் கொடுத்தால் செல்போனில் சினிமாப் பாட்டு போட்டு ஆடும் நிலை மாறும். அவருக்கு ஊதியம் கொடுங்கள். பொன்னாடை போர்த்தி அனுப்பிவிட வேண்டாம்.

விழா நடத்தும் முறை பற்றியும் சொல்ல வேண்டும். மாலை 6 மணிக்குத் தொடங்கும் விழாவில் அஞ்செட்டி, சித்தேரிப் பக்கம் போகும் பெண் பிள்ளைகள் கடைசிப் பேருந்துக்காகப் பாதியில் எழுந்து போகிறார்கள். பெயர் வாசிக்கும்போது மேடைக்கு ஆள் இருக்காது. பகல் 2 மணிக்குத் தொடங்கி 4.30-க்கு முடிக்கலாம். முதலில் பரிசு, பிறகு கலை நிகழ்ச்சி, சிறப்புரை பத்து நிமிடம். சான்றிதழில் பெயரும் தலைப்பெழுத்தும் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் மாணவர் பதிவில் உள்ளபடி இருக்கிறதா என்று ஒரு வாரம் முன்பே பிள்ளையிடமே காட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டால் நல்லது. விளையாட்டுச் சான்றிதழில் தவறான எழுத்து பிற்பாடு விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கும்போது கழுத்தைப் பிடிக்கும். பிளாஸ்டிக் கேடயத்துக்குப் பதில் அகராதி, வரைபடப் புத்தகம், கணித உபகரணப் பெட்டி வாங்கலாம். பெயர் வாசிப்பவர் 'முதல் பரிசு' என்று நிறுத்தாமல் 'நாற்பது கேள்வித் தாள் போட்டுப் பழகி என்.எம்.எம்.எஸ். வென்றவர்' என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லட்டும். ஆண்டு முடியும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. முடிவு வந்த வாரமே காலை வணக்கக் கூட்டத்தில் வென்ற பிள்ளையை மூன்று நிமிடம் பேசவிட்டால் போதும்.

உங்களிடம் கேட்பது இரண்டு. பாராட்டு விழாப் படம் போடும்போது அந்த மாணவர் என்ன செய்தார், எந்தத் தேர்வு, எந்த வகுப்பில் விண்ணப்பிக்கலாம் என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். அதோடு, இன்ஸ்பயர் பதிவு தொடங்கும்போதும், என்.எம்.எம்.எஸ். விண்ணப்பம் தொடங்கும்போதும், வென்றவர்கள் உதவித்தொகைத் தளத்தில் பதிய வேண்டிய கெடுவின்போதும் மாவட்டப் பக்கத்தில் தேதியைக் கட்டம் கட்டி வெளியிடுங்கள். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துக் கையில் வாங்க நாளாகும். பெற்றோர் அதற்கு முன்கூட்டியே கிளம்ப அந்தக் கட்டம் உதவும்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர்,
காரிமங்கலம் வட்டம், தருமபுரி மாவட்டம்.