அம்மாவின் வாழ்க்கைக் குறிப்பு

அன்புள்ள ஆல்ட்டோ,

சுகமா? பாடகர் குழுவில் கீழ்க்குரல் உனக்கு, மேல்குரல் எனக்கு என்று பிரித்த நாளிலிருந்து உன்னை இப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டது. முழங்கால் எப்படி, மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறாயா என்றெல்லாம் கேட்டாயிற்று என்று வைத்துக்கொள். பதிலை உன் வீட்டுக்காரரிடம் வாங்கிக்கொள்கிறேன், நீ உண்மையைச் சொல்ல மாட்டாய். இங்கே எல்லாரும் நலம். மாமரம் இந்த வருஷமும் காய்க்கவில்லை.

அம்மா, உன் பெரியம்மா, கர்த்தருக்குள் நித்திரையடைந்து அடுத்த மாதத்தோடு ஒரு வருஷம். நினைவு ஸ்தோத்திர ஆராதனைக்கு அண்ணன் அட்டை அடிக்கக் கொடுத்திருக்கிறான், நேற்று அதன் மாதிரிப் பிரதி வந்தது. ‘அன்பு மனைவி, பாசமுள்ள தாய், அருமைப் பாட்டி.’ அதற்குக் கீழே அப்பாவின் பெயர், அப்பா ஓய்வுபெற்ற பதவி, பிள்ளைகள் எங்கெங்கே என்னென்ன வேலை பார்க்கிறோம் என்ற பட்டியல். அம்மா என்ன செய்தாள் என்று ஒரு வரி கிடையாது. பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

அடக்க ஆராதனையிலும் இதுதான் நடந்தது. நீ அப்போது மகள் பிரசவத்துக்குக் கனடாவில் இருந்தாய். வாழ்க்கைக் குறிப்பு என்று ஒன்றரைப் பக்கம் வாசித்தார்கள், அதில் முக்கால்வாசி அப்பாவைப் பற்றி. பிறகு நீதிமொழிகள் 31. ‘குணசாலியான ஸ்திரீயைக் கண்டுபிடிப்பவன் யார்? அவளுடைய விலை முத்துக்களைப்பார்க்கிலும் உயர்ந்தது.’ அதோடு மூடிவிட்டார்கள். எல்லாச் சாவு வீட்டிலும் அங்கேதான் நிறுத்துகிறார்கள், கவனித்திருக்கிறாயா? அந்த அதிகாரத்தை மேலே வாசித்தால் அந்த அம்மாள் வயலை விசாரித்து வாங்குகிறாள், திராட்சத்தோட்டம் நாட்டுகிறாள், மெல்லிய புடவைகளை உண்டுபண்ணி விற்கிறாள். கடைசி வசனம், ‘அவளுடைய கைகளின் பலனை அவளுக்குக் கொடுங்கள்’ என்கிறது. அதை ஏன் ஒருவரும் வாசிப்பதில்லை?

நம் அம்மாவின் கைகளின் பலன் எது என்று உனக்குத் தெரியும். அடுப்படி மூலையில் இருந்த அந்தப் பனையோலைக் கொட்டானை மறந்திருக்க மாட்டாய் (மறந்தாலும் அதில் கை வைத்து அடி வாங்கிய உன் முதுகு மறந்திருக்காது). உலையில் போட அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி ஊழியத்துக்கென்று கொட்டானுக்குப் போகும். காலையும் மாலையும். மாசக் கடைசியில் உழக்கு குறைந்த நாளிலும் பிடி குறையவில்லை. எங்களுக்குக் கஞ்சியாகிவிடும், கொட்டானுக்கு அரிசிதான். சின்ன வயதில் அது எனக்குக் கோபமாகவே இருந்தது.

அம்மா அதோடு விடவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குச் செயலாளராக இருந்த காலமெல்லாம், தேரிச் செம்மணல் காலைச் சுட, ஒவ்வொரு வீடாகப் போய்ப் பிடியரிசி சேர்த்தாள். சபைக் கோயிலில் அதை ஏலம் போட்டு வருகிற பணத்தை நோட்டில் எழுதி மிஷனெரி ஊழியத்துக்கு அனுப்புவாள். ஒரு தடவை சபைக் கூட்டத்தில் அந்தப் பணத்தை மதில் சுவருக்குக் கேட்டார்கள். அம்மா எழுந்து நின்றாள். “பொம்பளைங்க பசியோட எடுத்து வச்சது. சுவருக்குப் போகாது.” அவ்வளவுதான் சொன்னாள். சுவர் அந்த வருஷம் எழும்பவில்லை.

1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்றுதானே தொடங்கினார்கள்! வெளிநாட்டுக் காசை எதிர்பாராமல் தெலுங்கு நாட்டுக்குத் தோர்ணக்கல் வரை ஆள் அனுப்பினார்கள். நம் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1912-ல் அந்த ஊருக்கே பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுதான் முதல் தடவை. அவர் பெயரில் பள்ளிக்கூடம் இருக்கிறது, படம் மாட்டியிருக்கிறோம், நல்லதுதான். ஆனால் அப்படிப்பட்ட ஊழியத்துக்கு அடுப்படியிலிருந்து படியளந்தவர்கள் பெயர் எந்தச் சுவரிலாவது இருக்கிறதா? அண்ணன் ஒருமுறை அம்மாவைத் தோர்ணக்கல்லுக்குக் கூட்டிப்போனான். 1939-ல் பிரதிஷ்டை பண்ணின அந்தப் பேராலயத்தில், மசூதி மாதிரி கும்மட்டமும் மண்டபத்துக் கல்தூண்களுமாக இருக்கும் அந்த இடத்தில், அம்மா ஒரு தூணைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதுல நம்ம ஊரு அரிசி எத்தனை மரக்கால் இருக்கும்?” என்று கேட்டாளாம். அண்ணனே சொன்ன கதை இது. இதைத் தெரிந்துகொண்டும் அவன் அந்த அட்டையை அடிக்கக் கொடுத்திருக்கிறான்!

மனைவி, தாய், பாட்டி என்பதெல்லாம் பொய் என்று சொல்லவில்லை. அப்பா பக்கவாதத்தில் கிடந்தபோது பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கிரிக்கெட் ஸ்கோர் வரை தினமும் வாசித்துக் காட்டினாள். கிரிக்கெட்டில் அம்மாவுக்கு ஓர் எழுத்து தெரியாது. அப்பாவின் இடது கண் சிரிப்பதைப் பார்த்துத்தான் இந்தியா ஜெயித்ததா என்று கண்டுபிடிப்பாள். அந்த வருஷங்களிலும் வேதாகமத்தில் கிழமை நாளில் 3 அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை 5 என்ற கணக்கு தவறவில்லை. 1189 அதிகாரமும் டிசம்பர் கடைசிக்குள் முடிந்துவிடும், மிச்ச ஓரிரு நாளில் சங்கீதத்தில் சிலதை இன்னொரு தரம்.

பெங்களூரில் வளர்ந்த என் பேத்திக்கு, போனில் முகம் பார்த்தபடி வேதாகமத்துச் சங்கீதப் புத்தகத்தை வைத்தே தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தாள். விளைவு என்ன தெரியுமா? போன வாரம் அந்தக் குட்டி என்னிடம் வேதாகமத் தமிழில், “ஆதலால் பாட்டி, எனக்குப் பசி உண்டாயிருக்கிறது” என்கிறாள். சிரித்துச் சிரித்து, அப்புறம் உட்கார்ந்து அழுதேன்.

கோயில் பக்கமே வராத என் இளையவனை அம்மா ஒரு வார்த்தை கண்டித்ததில்லை. அவனுடைய பெயர் ஜெபநோட்டில் எல்லா நாளிலும் இருக்கிறது. அந்த நோட்டை இப்போது அவன்தான் கேட்டு வாங்கி வைத்திருக்கிறான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அட்டை போகட்டும். நான் எட்டுப் பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் போடப்போகிறேன். அதில் பிடியரிசிக் கணக்கு நோட்டின் ஒரு பக்கம் அப்படியே அச்சாகும், மதில் சுவர் சண்டை வரும், தோர்ணக்கல் வரும். ஹாஸ்டலில் உனக்கு அம்மை போட்டபோது அம்மா வந்து உன்னோடு தங்கியிருந்த நாட்களை நீ எழுதித் தர வேண்டும். எனக்கு அது அரைகுறையாகத்தான் தெரியும். பெரியம்மா எனக்கும் அம்மாதான் என்று நாலு வரியில் முடித்து அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன். என்ன சமைத்தாள், என்ன பேசினாள், வார்டனிடம் எப்படிச் சண்டை போட்டாள், எல்லாம் வேண்டும்.

அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. உன் பேச்சுக்குத்தான் அவன் பயப்படுவான், அதனால் அசனத்துக்கு, அந்தச் சபை விருந்துக்கு, இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு. கீர்த்தனையும் ஒத்திகை பார்க்க வேண்டும். சரணத்தில் நீ எந்த இடத்தில் இறங்குவாய் என்று எனக்குத் தெரியும்.

பிரியமுள்ள,
உன் சோப்ரானோ