உலோகத் தூய்மையின் கணக்கில் கழிவும் சேரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாசில்லாத உலோகத் தயாரிப்புக்கே தம் பணிக்காலம் முழுவதையும் ஈந்த உலோகவியல் பொறியாளர் ஒருவரைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். ஊதுலை வழியில் ஒரு டன் எஃகுக்கு ஏறத்தாழ 2 டன் கரியமில வாயு வெளியேறுகிறது என்பதால், அதைக் குறைக்கும் முயற்சியை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் கட்டுரை புகையோடு நின்றுவிட்டது; உலையிலிருந்து வெளியே வந்து கொட்டப்படும் கழிவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ராணிப்பேட்டைக்காரர்களுக்கு அத்தகைய கழிவு நன்றாகவே தெரியும். இங்கே மூடப்பட்ட குரோமேட் (குரோமிய உப்பு) ஆலை விட்டுச்சென்ற 2 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு, 20 ஆண்டுகளுக்கும் அதிகமாக வெட்டவெளியில் கிடந்தது. மழை பெய்தால் அதன் அடியிலிருந்து மஞ்சள் நீர் கசிந்தது. உலகின் மிக மாசடைந்த 10 இடங்களுள் ஒன்றாக 2006-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பான பிளாக்ஸ்மித் நிறுவனம் நம் ஊரைச் சேர்த்ததும் (நல்ல பெயர்தான் வாங்கினோம்!) இந்தக் குரோமியத்தால்தான்.

குரோமேட் தயாரிக்க, குரோமியம் அடங்கிய குரோமைட் தாதுவைச் சோடா உப்போடு சூளையில் வறுக்கும்போது, கலவை உருகி ஒட்டிக்கொள்ளாமல் உள்ளே காற்றுப் புகுவதற்காகச் சுண்ணாம்பு சேர்ப்பது பழைய முறை. அந்தச் சுண்ணாம்பே கழிவைப் பெருக்குகிறது. புற்றுநோய் தரவல்ல கால்சியம் குரோமேட்டையும் அதில் தங்கவைத்து, ஆண்டுக்கணக்கில் கசியவிடுகிறது. சுண்ணாம்பை விலக்கி, குரோமேட்டைக் கரைத்தெடுத்தபின் எஞ்சும் சக்கையையே அதற்குப் பதிலாக மீண்டும் சூளையில் நிரப்பியாகச் சேர்க்கும் முறையைப் பொறியாளர்கள் உருவாக்கினார்கள். கழிவு வெகுவாகக் குறைந்தது. தோல் பதனிடும் உப்புக்கு மூலப்பொருள் இந்தக் குரோமேட்டே என்பதால், இது நம் மாவட்டத்துக்கு எட்டாத செய்தியன்று.

அதே குரோமியம் வேறொரு வேலையும் செய்கிறது. இரும்புத் தாதுவை உருக்கி மின்சாரத்தால் பிரிக்கும் முறையில் கரியாலான நேர்மின்வாய் (மின்சாரம் உள்ளே நுழையும் முனை) வைத்தால் மீண்டும் கரியமில வாயுதான் வரும். இரிடியம் என்னும் அரிய உலோகம் அந்த வெப்பத்தைத் தாங்கும், விலைதான் நமக்குத் தாங்காது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் டொனால்ட் சாடோவே, அந்துவான் அல்லனோர் குழுவினர், குரோமியமும் இரும்பும் கலந்த உலோகக்கலவை அந்த வெப்பத்தைத் தாங்கி ஆக்சிஜனை மட்டுமே வெளியிடுவதை 2013-இல் காட்டினார்கள். அந்தக் குரோமியத்தை எந்தச் சூளை, எவ்வளவு கழிவோடு தரப்போகிறது என்றும் கேட்க வேண்டுமல்லவா?

ஆகவே, தூய உலோகம் பற்றித் தாங்கள் இனி வெளியிடும் கட்டுரைகளில், ஒரு டன்னுக்கு எவ்வளவு திடக்கழிவு, அது எங்கே போகிறது என்ற விவரத்தையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
வாலாஜாபேட்டை.